நேத்துதான் வந்துச்சுன்னு சொன்னியே

அடியே,

உன் கராஜ் தரையில் அந்த நீல டேப் இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயின்ட் அடிக்கும்போது சுவர் ஓரத்தில் ஒட்டுவார்களே, அந்த டேப். பதினேழே முக்கால் அடி நீளம், ஆறே முக்கால் அடி அகலம். நாம் போர்ச்சுகலில் வாடகைக்கு எடுக்கவிருந்த கேம்பர்வேனின் அளவு. நீ முழங்கால் போட்டுத் தவழ்ந்துகொண்டே ஒட்டினாய். நான் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கோணலாகப் போகிறது, கோணலாகப் போகிறது என்று கத்தினேன். நீ கேட்கவே இல்லை. இன்று காலையில் பார்த்தேன், கோணலாகத்தான் இருக்கிறது.

வீடு விற்பனைக்குப் போகிறது. உன் வீட்டுக்காரர் உன் மகளோடு டெக்சாஸ் போய்விடப் போகிறார். வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவதற்குள் கராஜைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறாள் ஏஜென்ட். அந்தப் பெண் குதிகால் செருப்பால் தரையைத் தட்டிக் காட்டி, இதென்ன, குழந்தைகள் விளையாடக் கிழித்த கோடா, சுரண்டி எடுத்துவிடுங்கள், அசிங்கமாக இருக்கிறது என்றாள். உன் வீட்டுக்காரர் சரி சரி என்று தலையாட்டினார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! யாரும் அதில் கை வைக்கக் கூடாது, நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் பயந்துபோய் சமையலறைப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

அலமாரியில் அந்தச் சின்ன கேஸ் அடுப்பு இருந்தது. மூடியைத் திறந்தேன். இஞ்சி வாசனையும் பொங்கி வழிந்து கருகிய பால் வாசனையும் ஒன்றாக மேலே ஏறின. டேப் கோட்டுக்குள் இரண்டு மடக்கு நாற்காலியைப் போட்டு, இந்த அடுப்பில் டீ வைத்துக் குடிப்போமே. வேனில் வாழப் பழகுகிறோமாம். நீ கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தால் நான், "ஏய், கடல்ல விழுந்துட்ட!" என்பேன். ஐம்பது வயதுப் பெண்கள் இரண்டு பேர், கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பார்க்கப் பார்க்க. வெட்கமே இல்லை நமக்கு.

அந்த வாசனையோடு உன்னை நினைத்துக் கண்ணீர் விட்டேன் என்று எழுதத்தான் ஆசை. அரைமணி நேரம் அப்படித்தான் இருந்தேன். அதற்குப் பிறகு, நம் பயணக் காகிதங்களை நீ போட்டு வைத்திருந்த மஞ்சள் கோப்பைப் பிரித்தேன். அப்போதிலிருந்து எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலிருந்து வருகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் சொல்வேன்.

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் துணி துவைக்கும் அறையில்தான் ஆரம்பித்தது. நீ அப்போது எனக்கு எதிர் பிளாக். உலர்த்தும் எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ விட்டுப்போன பழைய பத்திரிகை ஒன்றை நீ புரட்டிக்கொண்டிருந்தாய். அதில் பாறை மேல் ஒரு கலங்கரை விளக்கம், கீழே கடல், ஓரத்தில் ஒரு வெள்ளை வேன், வேன் வாசலில் ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நீ அந்தப் படத்தைக் கிழித்து என் துணிக்கூடைமேல் போட்டாய். "இவளப் பாருடி. இவ யாருக்கும் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியதில்ல." அவ்வளவுதான் சொன்னாய். அந்த வாரமே, படத்துக்குக் கீழே போட்டிருந்த சாக்ரெஸ் என்ற ஊர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தாகிவிட்டது. ஐரோப்பாவின் தென்மேற்கு மூலை. அதற்கு அப்புறம் நிலமே இல்லை. வடக்கே போர்ட்டோவில் வேனை எடுப்பது, கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே இறங்குவது, சாக்ரெஸ் முனையில் அந்த விளக்கத்தடியில் இரண்டு டம்ளர் டீயோடு நின்று போட்டோ எடுப்பது. இருபது நாள். நம் இரண்டு பேர் மட்டும். புருஷன்கள் கிடையாது, பிள்ளைகள் கிடையாது.

நீ பிரிட்ஜ்வாட்டரில் வீடு வாங்கிப் போன பிறகும் சனிக்கிழமை காலை நமக்கென்று இருந்தது. கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நேராக உன் கராஜுக்கு வருவேன். அது முழுப் பொய் இல்லை, திரும்பும்போது கோயிலுக்கும் போவேன். கண்ட கடற்கரையில் வேனை நிறுத்தித் தூங்கக் கூடாது, போலீஸ் வந்து எழுப்பும் என்று நீதான் படித்துச் சொன்னாய். முறையான முகாம்களாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்தாய். குடிநீர் எங்கே பிடிப்பது, கழிவுநீரை எங்கே கொட்டுவது, ரொட்டிக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும். கழிவறைப் பெட்டியை யார் காலி செய்வது என்பதற்கு ஒன்றரை மாதம் சண்டை போட்டோம். ஒற்றைப்படை நாள் நீ, இரட்டைப்படை நாள் நான் என்று கடைசியில் எழுதிக் கையெழுத்தே போட்டோம். குக்கர் வேண்டும் என்றேன் நான். "கருமம், போர்ச்சுகல் வரைக்கும் போயும் விசில் எண்ணணுமா? பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய். தீர்ந்தா ரொட்டி. பேசாம வா" என்று அடக்கிவிட்டாய்.

ஓட்டுவது நீ. அதில் பேச்சே இல்லை. உன் அப்பா கரூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். எல்.போர்டு மாட்டிய கார்தான் உனக்கு விளையாட்டுச் சாமான். அமெரிக்கா வந்தும் தேடிப் பிடித்து கியர் மாற்றும் சிவப்புக் கார் வாங்கிக்கொண்டவள் நீ. எனக்கோ இந்த ஊரில் கிடைத்த லைசென்ஸ், ஆட்டோமேட்டிக் கார் தவிர வேறு ஒன்றும் தெரியாது. அங்கே நமக்குக் கட்டுப்படியாகும் வேன்கள் எல்லாமே கிளட்ச் வண்டி. ஒரு தடவை உன் காரில் எனக்குச் சொல்லித்தரப் பார்த்தாய். நாலு முறை தூக்கிப் போட்டு நின்றது. நான் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன். "சரி விடுடி. நீ மேப்பப் பாரு, நான் ஓட்டுறேன்" என்றாய். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

எல்லாம் தயார். காகிதம் மட்டும் வரவில்லை. நம் ஊர் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு இங்கே வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இது புதுக் கதையா என்ன? வெளியே போவது பெரிய விஷயமில்லை. திரும்பி உள்ளே வருவதுதான் விஷயம். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை காலாவதியாகிப் பல வருடம். புது முத்திரைக்கு இந்தியா போய் வரிசையில் நிற்க வேண்டும். போன இடத்தில் மாதக்கணக்காக மாட்டிக்கொண்டவர்கள் கதை வாரத்துக்கு ஒன்று காதில் விழும். கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு அது நிலுவையில் இருந்தால் பயண அனுமதிக் கடிதம் என்று ஒன்று தருவார்கள். அது கையில் இருந்தால் போய்விட்டு வரலாம். அந்தக் கடிதத்துக்காகத்தான் நீயும் நானும் காத்திருந்தோம். நான் புலம்பும்போதெல்லாம் நீ ஒன்றே ஒன்று சொல்வாய். "அவசரப்படாதடி. கடல் எங்கயும் போயிடாது."

மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூலை மாதம் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு வேலை போய், அவசரத்துக்குப் புதுக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். வக்கீல் போன் செய்து, எல்லாம் மறுபடி முதலிலிருந்து, இரண்டு மூன்று வருடம் எங்கும் நகராதீர்கள் என்று சொல்லிவிட்டாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நீ ஒரு டப்பா நிறைய ரவா கேசரியோடு வந்தாய். முந்திரி போட்டு, நெய் மிதக்க. என்ன விசேஷம் என்று கேட்டேன். என் மூஞ்சியைப் பார்த்தாய். டப்பாவை மேடைமேல் வைத்தாய்.

"சும்மாதான். ரவை நிறைய கிடந்துச்சு."

"எனக்கு இனிமே வரவே வராதுடி. நீ போ. உனக்கு வந்தா நீ போ."

"எனக்கு எங்க வந்துச்சு? எனக்கும் வரல. ரெண்டு பேரும் சேந்தே காத்திருப்போம், எந்திரி."

நான் எழுந்து முகம் கழுவி அந்தக் கேசரியில் பாதியைத் தின்றேன்.

போன வருடம் ஜனவரியில் எனக்குக் கடிதம் வந்தது. செருப்புகூடச் சரியாகப் போடாமல், பனியில் வண்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் கடிதத்தை உன் மூஞ்சிக்கு நேரே ஆட்டினேன். நீ குதித்தாய். என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாய். பிறகு சொன்னாய்: "எனக்கும் வந்துடுச்சுடி! நேத்துதான் வந்துச்சு!"

நேற்றுதான்! நான் வாயைப் பிளந்தேன். இப்படியும் ஒரு அதிர்ஷ்டம் உண்டா என்று அங்கேயே நின்று உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் சிரித்தார். அந்தச் சனிக்கிழமையே கோயிலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும், என்ன ஆச்சரியம் பாருங்கள், நாங்கள் ஒரே ராசி. எத்தனை பேரிடம் சொன்னேன் தெரியுமா? பக்கத்தில் நின்றுகொண்டு நீயும், "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினாய்.

செப்டம்பருக்கு வேன் பதிவு செய்தோம். மார்ச்சில் உனக்கு வயிற்றுவலி. கணையத்தில் என்றார்கள். ஜூன் முடிவதற்குள் நீ இல்லை.

இன்று மஞ்சள் கோப்பைப் பிரித்தேன் என்றேனே. மேலே உன் எழுத்தில் 'போர்ச்சுகல்'. முதலில் துணி துவைக்கும் அறையில் கிழித்த அந்தப் படம். அப்புறம் முகாம்களின் பட்டியல், கழிவறைப் பெட்டி ஒப்பந்தம். அதற்குப் பின்னால் கண்ணாடித்தாள் உறைக்குள் உன் பயண அனுமதிக் கடிதத்தின் நகல். தேதியைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூலை. அதன் பின்னால் இன்னொன்று. முதலாவது காலாவதியானதும் புதுப்பித்து வாங்கியது. புதுப்பித்திருக்கிறாய்! கடைக்குப் போய் போட்டோ எடுத்து, படிவம் நிரப்பி, தபாலில் அனுப்பி, எனக்குத் தெரியாமல் இத்தனையும் செய்துவிட்டு, சனிக்கிழமை காலையில் டேப் கோட்டுக்குள் உட்கார்ந்து என்னோடு டீ குடித்திருக்கிறாய்.

கேசரி எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் கடிதம் வந்த சந்தோஷத்துக்குக் கிண்டிய கேசரி. நான் அழுததைப் பார்த்துவிட்டு ரவைமேல் பழியைப் போட்டாய்.

கோப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். உன் வீட்டுக்காரர் அட்டைப்பெட்டிக்குள் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது உங்களுக்குத் தெரியுமா?"

பார்த்தார். கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தெரியும்மா."

"தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"எனக்குக் கஷ்டமா இருந்தா என்ன இப்ப? நான் என்ன பாப்பாவா? கஷ்டத்தைப் பாத்ததே இல்லையா நான்?"

"நானே சொன்னேன்மா, நீ போய்ட்டு வான்னு. மகளைக் கூட்டிட்டுப் போன்னு. 'அவ இல்லாம நான் போனா அது அந்த டிரிப்பே இல்லைங்க'ன்னுட்டா."

அவர் பாவம். அவரைக் கத்தி என்ன செய்வது? கராஜுக்குத் திரும்பி வந்து உன்னைத்தான் கத்தினேன். வாய்விட்டுத்தான். ஏஜென்ட் பெண் என்ன நினைத்தாளோ, எனக்குக் கவலை இல்லை.

எனக்காக விட்டுக்கொடுக்க உனக்கு யாரடி அதிகாரம் கொடுத்தது? நான் கேட்டேனா? இரண்டு கோடைக்காலம் உன் கையில் இருந்தது. இரண்டு! உடம்பு நன்றாக இருந்தது, லீவு இருந்தது, ஓட்டத் தெரியும், ரொட்டிக்கடை திறக்கும் நேரம்வரை தெரியும். நீ போயிருக்கலாம். நானும் கடல் எங்கும் போய்விடாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கடல் போகவில்லைதான். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், நான் இங்கே எதைக் கட்டிக்கொண்டு அழுவது? என்னைத் தடையாக ஆக்கிவிட்டாய் என்பதாவது உனக்குத் தெரிகிறதா? எனக்குத் தெரியாமலே, என் கையாலேயே, உன் கடலை உனக்கு இல்லாமல் செய்ய வைத்துவிட்டாய்.

இதில் இன்னொரு எரிச்சல். உன் காரியம் முடிந்த அன்று ஹால் முழுக்க ஆட்கள். வரிசையாக வந்து ஒரே பேச்சு. எவ்வளவு நல்ல மனசு, தனக்குன்னு எதுவும் கேட்டதே இல்லை, மத்தவங்களுக்காகவே வாழ்ந்தா. நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே ஆமாம் ஆமாம் என்றேன். இன்றைக்கு அந்த ஹாலில் நின்றிருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பேன். அவள் கேட்டாள், அவளுக்கென்று ஒன்றே ஒன்று கேட்டாள், இருபது நாளும் ஒரு வேனும் ஒரு கலங்கரை விளக்கமும் கேட்டாள், கையில் வந்ததை அவளே உறையில் போட்டு மூடி வைத்தாள், இதைப் போய்ப் பெருமையாகப் பேசாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். நம் வீடுகளில் இது ஒரு வியாதியாகவே இருக்கிறது. வேண்டியதை வேண்டாம் என்பது, பசித்தால் பசிக்கவில்லை என்பது, கடைசித் துண்டை எனக்குப் பிடிக்காது என்று தள்ளிவிடுவது. கேட்டால் அன்பு என்பார்கள்.

சரி, நேர்மையாகவும் பேசிவிடுகிறேன். அந்த ஜூலையில் நீ கடிதத்தைக் காட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? "போடி, நல்லா போய்ட்டு வா" என்றிருப்பேன். அன்று சாயங்காலமே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு நாள் உன் போனை எடுத்திருக்க மாட்டேன். உனக்கு என்னைத் தெரியும், அதனால்தான் செய்தாய், அதுவும் எனக்குத் தெரிகிறது. ஆனால் மூன்றாவது நாள் நானே கூப்பிட்டிருப்பேன்டி. எங்கே இருக்கிறாய், கழிவறைப் பெட்டியை யார் கொட்டுகிறார்கள், போட்டோ அனுப்பு என்று கேட்டிருப்பேன். அந்த மூன்றாவது நாள் வரைக்கும் பொறுக்க உனக்கு நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. இருபது வருடப் பழக்கத்தில் என்னை இவ்வளவுதான் எடை போட்டாயா?

உன் மகள் வந்தாள். நான் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோப்பைக் காட்டினேன். படித்தாள். வழக்கம்போல நான் தமிழில், அவள் இங்கிலீஷில்.

"ஆன்ட்டி, லெட்ஸ் கோ. யூ அண்ட் மீ. திஸ் செப்டம்பர். ஐ கேன் டிரைவ்."

அவளால் முடியும். அவளுக்குப் பதினேழு வயதில் நீ உன் சிவப்புக் காரில்தான் பழக்கினாய். இப்போது அந்தக் கார் அவளிடம்தான் இருக்கிறது. ஒரு நிமிடம் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பயணம் நடக்கும், ஓட்ட ஆளும் கிடைத்தாயிற்று, அதுவும் உன் ரத்தம். சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இந்த மே மாதம் அவள் படிப்பு முடிகிறது. டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் வேலை கிடைத்திருப்பதாக உன் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

"உனக்கு வேலை எப்ப ஆரம்பிக்குது?"

"இட்ஸ் ஃபைன், ஆன்ட்டி."

"எப்பன்னு கேட்டேன்."

"செப்டம்பர்... பட் ஐ கேன் ஆஸ்க் தெம். தே வோன்ட் மைன்ட்."

"என் கண்ணப் பாத்துச் சொல்லு. தள்ளிப் போட்டா ஒத்துப்பாங்களா?"

அவள் தரையில் டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளறிக்கொண்டே இருந்தாள். "ப்ராபப்ளி நாட்" என்றாள்.

வெடித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அந்தப் பிள்ளையை நான் அதட்டியதே இல்லை. "அப்படியே உங்கம்மா! அப்படியே! கையில வந்தத எனக்காகத் தூக்கிப் போட்டுட்டு, இட்ஸ் ஃபைன், தே வோன்ட் மைன்ட்! ஒருத்தி பண்ணினது போதாதா? நான் என்ன உங்க குடும்பத்துக்கே முட்டுக்கட்டையா?" அவள் அழுதாள். நானும் அழுதேன். உன் வீட்டுக்காரர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "நீ வேலையில போய்ச் சேரு. எனக்கு கிளட்ச் மட்டும் சொல்லிக் குடு. நான் போறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அலோன்?"

"ஆமா. தனியாத்தான்."

டேப்பை நானே உரித்தேன். ஒரே இழுப்பில் வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. பசை அங்கங்கே தங்கிவிட்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. உரித்ததை உருட்டினால் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு உருண்டை. கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இவ்வளவும் நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்று காலை, இன்று காலை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அன்றைக்கு டேப்பை உரிப்பதற்கு முன்னாலேயே எழுத உட்கார்ந்ததுதான். கோபத்தில் பாதியில் வைத்துவிட்டேன். இப்போது தொடர்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் பார்க்கிங் காலியாக இருக்கும். உன் மகள் உன் காரை ஓட்டிக்கொண்டு வருவாள், நான் அதில் ஏறி உட்காருவேன். முதல் ஞாயிறு பதினோரு தடவை அணைந்தது. ரயிலுக்கு வந்த ஒரு தாத்தா நின்று வேடிக்கை பார்த்தார். கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கிப் போகவேண்டும் என்று கை பரபரத்தது. அப்போது உன் மகள் வாயிலிருந்து தமிழ் வந்தது. அவள் சொன்னதே இல்லை அப்படி. "அணைஞ்சா அணையட்டும். சாவியத் திருகு." உன் உச்சரிப்பு, கரூர் அப்படியே. நீ அவளுக்குச் சொன்னது, உனக்கு உன் அப்பா சொன்னதாம். அந்த வேலைக்கு மட்டும் அவளுக்குத் தமிழ்தான் வரும்போல. சாவியைத் திருகினேன்.

நேற்று மூன்றாம் கியர் வரைக்கும் போனேன்.

செப்டம்பரில் என் மாமியார் மதுரையிலிருந்து வருகிறார். என் வீட்டுக்காரர் அதைச் சொன்னபோது, அந்தத் தேதிக்கு வேன் கிடைக்கவில்லையாம் என்று என் வாய் தானாகவே ஆரம்பித்தது. ஆமாம், நானும்தான்! எவ்வளவு சுலபமாக வருகிறது பார், அந்தப் பொய். கைப்பையில் கை விட்டு டேப் உருண்டையைப் பிடித்துக்கொண்டேன். "வேன் கிடைச்சாச்சு. அத்தை தாராளமா வரட்டும். உங்கம்மாவ நீங்க பாத்துக்குங்க. நான் போறேன், எனக்குப் போகணும்" என்றேன். அவர் சாம்பார் கரண்டியோடு அப்படியே நின்றார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "டயர் பஞ்சரானா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். எல்லோருக்கும் ஒரு மூன்றாவது நாள் இருக்கிறதடி. நீதான் எனக்கு அதைத் தரவில்லை.

புதுப்பித்து வாங்கிய என் கடிதத்தோடு உன் மஞ்சள் கோப்பையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த இரண்டு நகல்களையும் உறையிலிருந்து எடுக்க மாட்டேன். மேப் பார்க்கிற சீட்டில் அதை வைப்பேன். கழிவறைப் பெட்டியை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பார்க்காமல் இருபது நாளும் நான்தான் கொட்ட வேண்டும், ஒப்பந்தத்தை மீறியவள் நீ. வண்டி அணையும் ஒவ்வொரு முறையும் உன்னைத் திட்டுவேன், சாவியைத் திருகுவேன். சாக்ரெஸ் போய்ச் சேர்ந்ததும் அந்த விளக்கத்தடியில் டீ வைப்பேன். ஆமாம், இரண்டு டம்ளர்தான், கேட்காதே. காற்றில் நிற்க முடிகிறதோ இல்லையோ, ஒரு போட்டோ எடுத்துக்கொள்வேன்.

அந்த போட்டோ மூன்று வருடத்துக்கு முன்னால் நீ எனக்கு அனுப்பியிருக்க வேண்டியதுடி.